பெட்டி ஓடலைங்க

இல்ல தம்பி, கரண்ட்டெல்லாம் வருது. அதே பிளக்ல டேபிள் ஃபேனைச் சொருகிப் பாத்துட்டோம், நல்லாத்தான் சுத்துது. இந்தக் கம்ப்யூட்டர் பெட்டிதான் செத்துக் கெடக்கு. தரையிலயா உக்காந்துட்டீங்க? இந்தத் தலகாணியைப் போட்டுக்கங்க, காலு மரத்துப் போயிரும்.

எங்க வீட்டுக்காரரு கடைக்குப் போயிருக்காரு, டார்ச்சுக்கு பேட்டரி வாங்க. உள்ள இருக்குற பொடி எழுத்து கண்ணுக்குத் தெரியலையாம். போன்ல உங்களைக் கூப்பிட்டது அவருதானே? சத்தம் வேற போட்டாரா? ம்... போட்டாரா.

ஆமா, நாங்க ரெண்டு பேருந்தான் மாட்டுனோம். சிரிக்காதீங்க. அவரு தண்ணித் தொட்டியில பம்பு ஓட்டுனவரு, நான் தையல்காரி. அந்தப் பெரிய தடி ஒயர் இருக்குல்ல, அது போர்டுல எறங்கவே இல்ல. உடைஞ்சிரும்னு பயந்து இவரு தடவிக் குடுத்துக்கிட்டே இருந்தாரு. தள்ளுங்கன்னு சொல்லி, கட்டை விரலை வச்சு ஒரே அமுக்கு அமுக்குனேன். டக்குனு கொக்கி விழுந்துச்சு. அதுக்கு ஒரு திட்டு. மூலையில பிராசசருக்குன்னு ஒரு ஒயர் போகுதே, அது எட்டலை. எல்லாத்தையும் கழட்டி, பெட்டிக்குப் பின்பக்கமா இழுத்துக் கொண்டாந்தோம். அதுக்கும் திட்டு எனக்குத்தான். அப்புறம் முன்னாடி இருக்குற சுவிட்சுக்கும் லைட்டுக்கும் வர்ற குட்டிக் குட்டி ஒயருங்க. பிளஸ் எது, மைனஸ் எதுன்னு ஒரு மத்தியானம் பூரா சண்டை. அவரு விரலு அங்க நுழையாது. ஊசி புடிச்ச விரலு, நாந்தான் சொருகுனேன்.

தூசியா? இருக்கும் தம்பி. சாமானெல்லாம் அட்டைப்பெட்டியிலயே ஒரு வருஷத்துக்கு மேல கெடந்துச்சுல்ல. பையன் வாங்குனது. கடைக்காரன் எதுக்கு மாட்டணும், நானே மாட்டுவேன், ஞாயித்துக்கிழமை பாருங்கம்மான்னான். சனிக்கிழமை பைக்ல போனவன் வரலை. லாரி. ஒரே பையன். பரவால்ல தம்பி, உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்க வேலையைப் பாருங்க.

அன்னைக்கோட அவரு பேச்சு நின்னு போச்சு. சாப்புடுங்கன்னா சாப்புடுவாரு. குளிங்கன்னா குளிப்பாரு. மத்த நேரமெல்லாம் செவத்தைப் பாத்துப் படுத்துக்குவாரு. வீட்டுல நான் ஒருத்தியே பேசிப் பேசி, எனக்கே என் குரல் புளிச்சுப் போச்சு. அலுத்துப்போயிதான் ஒருநாள் அந்த அட்டைப்பெட்டியெல்லாம் இழுத்து நடுவீட்டுல போட்டு, இதை யாருக்காவது குடுத்துத் தொலைச்சிரலாமான்னு கேட்டேன். எந்திரிச்சு வந்தாரு. கத்திரிக்கோல் எங்கன்னு கேட்டாரு. அவ்வளவுதான். அப்படி ஆரம்பிச்சதுதான் இந்த வேலை.

என்ன தம்பி, நிறுத்திட்டீங்க? ம். கண்டுபுடிச்சிட்டீங்க.

ஆமா, சுவிட்சு ஒயரு ஒரு பின்னு தள்ளித்தான் இருக்கு. தெரியாம மாட்டலை. முந்தாநேத்தே ஓடிருச்சு தம்பி. உள்ள ஃபேன் சுத்துச்சு, திரையில எழுத்தெல்லாம் வந்துச்சு. அவரு எதையோ தேடுற மாதிரி அதையே பாத்துக்கிட்டு இருந்தாரு. புதுசுல என்ன இருக்கும், அவன் தொட்டதே இல்லையே. முடிஞ்சிருச்சுல்லன்னாரு. போயி, பழையபடி செவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டாரு. அவரு அசந்த நேரம் பாத்து நாந்தான் மாத்திச் சொருகுனேன். மறுநாளு பெட்டி ஓடலைங்கன்னு சொன்னதும் எப்படி ஓடி வந்தாருங்குறீங்க, சட்டை கூடப் போடலை.

சரி பண்ணிராதீங்க. ஏதோ பார்ட்டு வரணும், ஒரு வாரம் ஆகும்னு சொல்லிட்டுப் போங்க. புத்தம் புதுசு எப்படிப் போகும்னு உங்களைத்தான் திட்டுவாரு. கொஞ்சம் வாங்கிக்கங்க தம்பி.