நானூறு ‘போச்சு’

தக்கலை பஸ் ஸ்டாண்டில் என் முதுகுக்குப் பின்னால் ஒரு பெண் சொன்னாள்: “ஏலே, வரிசையா நானூறு ‘போச்சு’ கெடந்தா யாருக்கானாலும் நெஞ்சு அடைக்கும்.”

பஸ் வருகிறதா என்று பார்ப்பதுபோலத் திரும்பினேன். அவள் கழுத்திலும் பக்கத்தில் நின்றவன் கழுத்திலும் ஒரே கம்பெனியின் அட்டை.

“மெசேஜ் போச்சுன்னுதானட்டி எழுதுனேன். போய்ச் சேந்துட்டுன்னு அர்த்தம்.”

“எனக்கு அது எப்படித் தெரியும்? புரோகிராம் என்ன செய்துன்னு, அது வரிவரியா எழுதி வைக்குற ‘லாக்’ பாத்துத்தான் நான் அறியணும். கடல்ல காத்து, போவாண்டாம்னு வள்ளக்காரங்களுக்கு விட்ட மெசேஜ். எல்லாம் தொலஞ்சு போச்சுன்னு நெனச்சு நானூறு பேருக்கும் திரும்ப அனுப்பிட்டேன்.”

“அதுல என்ன நட்டம்?”

“கடியப்பட்டணத்துல எனக்க அப்பா ரெண்டு மெசேஜ் வந்ததப் பாத்துட்டு, காத்தும் ரெண்டு மடங்காக்கும்னு வள்ளத்த ரோடு வரைக்கும் இழுத்து வச்சிருக்காரு.”

அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

“இனி எந்த மெசேஜ், யாருக்கு, எத்தன மணிக்கு, சேந்துதா சேரலியான்னு தனித்தனியா எழுதணும், கேட்டியா?”

“செரி, எழுதுகேன்.”

காலி மீன் பாத்திரத்தோடு ஓடிவந்த ஓர் அம்மாள் மூச்சிரைக்க அவனிடம் கேட்டார்: “மக்கா, கடியப்பட்டணம் பஸ்சு போச்சா?”

“போ...” என்று தொடங்கியவன் அவளைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

“கடியப்பட்டணம் பஸ்சு, அஞ்சே முக்காலுக்கு, இங்கேருந்து பொறப்பட்டுட்டு. அடுத்தது ஆறே காலுக்கு.”

அம்மாள் பாத்திரத்தைக் கீழே வைத்தார்.

“போச்சுன்னு சொன்னா போராதா மக்கா?”