சலோங்கோ சனிக்கிழமை

விசாரணைக்கு வந்தவனை உட்காரச் சொன்னதற்கு நன்றி. கம்பெனியில் பதினோரு வருஷம் நின்றுகொண்டேதான் பேசினேன்.

என் பெயர் சிரூசா. புக்காவு நகரத்துக்குப் பக்கத்துக் குன்றில், தகரத் தாது எடுக்கும் கம்பெனியின் ஊர் உறவு அதிகாரி. குன்றை அரசாங்கம் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்துவிட்டது. ஆனால் முந்நூறு பேர் அதைத் தோண்டித்தான் பிழைத்தார்கள். அவர்களைப் பேசியே கிளப்புவது என் வேலை. இரண்டு வருஷம் தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம். தோண்டுகிறவர்களின் தலைவன் பிசிம்வா, என் மனைவியின் தம்பி. மரவள்ளிக் களியை என் முன்னால் வைத்துவிட்டுச் சிரிப்பான்.

"சாப்பிடுங்க அத்தான். நாங்க எறங்கிப் போனா புள்ளைங்க எதைத் திங்கும்? உங்க கம்பெனி தொப்பியையா?"

மேலாளரோ வாரம் தவறாமல், "எப்படின்னு நான் கேக்க மாட்டேன். எப்பன்னு மட்டும் சொல்லுங்க" என்பார். இரண்டு பக்கமும் இடிபட்டு எனக்கு வெறுத்தே போயிற்று.

ராணுவத்தைக் கூப்பிட்டது மேலாளர். லாரியும் டீசலும் கம்பெனி கொடுத்தது. கம்பெனி ஆட்கள் யாரும் சுடவில்லை, அதைக் குறித்துக்கொள்ளுங்கள். கர்னல் என்னிடம் ஒன்றுதான் கேட்டார்: எல்லோரும் ஒரே இடத்தில் எப்போது இருப்பார்கள்?

இதில் என்ன ரகசியம்? சனிக்கிழமை காலை சலோங்கோ. வீட்டுக்கு ஒருவர் மண்வெட்டியோடு வந்து ஊர்ச் சாலையைச் சீர் செய்ய வேண்டும், அன்று மதியம் வரை யாரும் சுரங்கத்தில் இறங்குவதில்லை. அதைச் சொன்னேன். வேறு நாளில் வந்தால் பயத்தில் உள்ளே ஓடி மூச்சுமுட்டிச் சாவார்களே என்ற அக்கறையில்தான் சொன்னேன்.

அந்தச் சனிக்கிழமை நல்ல மழை. பாதிப் பேர் வரவில்லை. கர்னலிடம் வாக்குக் கொடுத்தாயிற்று, என்ன செய்வது? வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டினேன். பிசிம்வாவுக்குக் கால் சுளுக்கு.

"இன்னைக்கு விடுங்க அத்தான், நிக்க முடியல."

"தலைவனே வரலைன்னா ஊர் வருமாடா? எந்திரி."

கைத்தாங்கலாக நானே கூட்டிப் போய்ச் சாலையோரக் கல்லில் உட்காரவைத்தேன். பிறகு மேட்டில் ஏறிக் குடையை விரித்து லாரிகளுக்குக் காட்டினேன். அதுதான் பேசிவைத்த அடையாளம். பிசிம்வாவோடு சேர்த்துச் செத்தது நாற்பத்தொரு பேர்.

என் மனைவி பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள். என்னோடு பேச மறுக்கிறாள். நீங்கள் படித்தவர்கள், எடுத்துச் சொன்னால் கேட்பாள். சுரங்கத்துக்குள் ஒரு உயிர்கூடப் போகவில்லை என்று சொல்லுங்கள்.