காம்பருகே ஒரு புள்ளி

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் கோளரங்கச் செயலாளர் அவர்களே, குடைக்காரரின் மனைவியான அக்கா அவர்களே, அவரிடம் வானம் பார்க்கக் கற்றவர்களே, வணக்கம்.

எனக்கு மேடைப்பேச்சு வராது. நம் கோளரங்கத்தில் பதினாறு ஆண்டுகளாக நான் கருவியை இயக்கினேன், பேசியவர் அவர்.

அவருடைய கறுப்புக் குடையின் உட்புறம் வெள்ளைப் புள்ளிகள் இருக்கும். "துருவ நட்சத்திரம் மட்டும் ஏன் சார் நகரவே மாட்டேங்குது?" என்று பிள்ளைகள் கேட்டால் விரித்துச் சுழற்றுவார். ஓரத்துப் புள்ளிகள் பெரிய வட்டமடிக்கும். காம்பருகே உள்ளது நின்ற இடத்திலேயே நிற்பதுபோல் தெரியும்.

"அதுக்குன்னு தனிப் பெருமை கிடையாதுப்பா. சுத்துறது நாம. பூமியோட அச்சு அந்தப் பக்கமா நீட்டிக்கிட்டிருக்கு, அவ்வளவுதான். உத்துப் பார்த்தா அதுவும் சின்னதா வட்டம் போடும்."

அரங்கின் கூரை விரிசல் விட்டிருந்தது. அரங்கை மூடிப் பழுதுபார்க்கச் செயலாளரிடம் மூன்று முறை கேட்டோம். நடக்கவில்லை. பிறகு மாநகராட்சிக்குக் கையெழுத்தில்லாத ஒரு புகார் போனது.

சென்ற செவ்வாய்க்கிழமை காலைக் காட்சிக்கு முன்பு, இரும்புக் குழாய்களோடு நான்கு பேர் வந்தார்கள்.

"எவன்டா மொட்டக் கடுதாசி போட்டது?"

குடைக்காரர் என் பக்கம் திரும்பவே இல்லை. "நான்தான். விழறதுக்கு முன்னாடி எழுதணும்ல தம்பி. விழுந்தப்புறம் எழுதினா அதுக்குப் பேரு இரங்கல் கடிதம்."

முதல் அடியில் தாடை உடைந்தது. அடுத்தது முழங்காலில். நாற்காலிகளுக்கு நடுவே இழுத்துப் போட்டு விலாவில் அடித்தார்கள். குடைக் கம்பியைப் பிடுங்கிக் கண்ணில் குத்தினார்கள். கவிந்த கூரை ஓசையைத் திருப்பித் தரும். ஒவ்வொரு அடியும் இரண்டு முறை கேட்டது. நான் கருவியருகே நின்றேன். அசையவில்லை.

"எவ்வளவு உறுதியா இருக்கீங்க மேடம்" என்று ஒரு வாரமாகச் சொல்கிறீர்கள். உறுதியா அது? எல்லாம் என்னைச் சுற்றித்தான் நடந்தது. நடுவில் நின்றதால் அசையாதவளாகத் தெரிந்தேன்.

அக்கா, அந்தப் புகாரை எழுதியவள் நான். வீட்டுக்கு வந்து சொல்லியிருக்க வேண்டும். வாசல்வரை வந்து திரும்பிவிட்டேன்.

போகும் முன் ஒருவன் கைபேசியில் ஸ்பீக்கர் போட்டுப் பேசினான். "முடிஞ்சுது சார். இனி லெட்டர் வராது." "சரி, கிளம்புங்க" என்றது மறுமுனை. அதையும் அந்தக் கூரை எனக்கு இரண்டு முறை கேட்கவைத்தது. சற்றுமுன் என்னைப் பேச அழைத்ததும் அதே குரல்தான்.

அரங்கு பத்திரமாகத் திறக்கும் நாளில் வேறொரு குடையில் புள்ளி வைத்து நான் சுழற்றுவேன். அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. இந்த முறை கையெழுத்துப் போட்டு எழுதியிருக்கிறேன். விசாரணை அதிகாரி கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்.

செயலாளர் அவர்களே, காலைக் கொஞ்சம் மடக்கிக்கொள்ளுங்கள். நான் இறங்க வேண்டும்.