கூரையில் மின்னும் சிவப்பு விளக்கு

அம்பத்தூரில் ரயில் ஏறிய இரண்டு பெண்கள், கதவோரம் உட்கார்ந்திருந்த என் பக்கத்தில் நின்றார்கள். இளையவள்தான் ஆரம்பித்தாள்.

“ஊட்டு ஓனரு எங்க பெட்ரூம் மேல ரவுண்டா இன்னாவோ மாட்டிக்கீறான்க்கா. புகை வந்தா கத்துமாம்.”

“சிவப்பா லைட்டு மின்னுதா? கேமராடி அது!”

“அதான்க்கா, அன்னிக்கே பிளாஸ்டிக் கவரால மூடி இறுக்கிக் கட்டிட்டேன்.”

“அப்பால?”

“வெள்ளிக்கெயம சாம்பிராணி போட்டேன். ஊடு முச்சூடும் புகை. கத்தவேயில்லக்கா!”

“பாத்தியா? கேமராவேதான்.”

“மழைன்னு ஜன்னலச் சாத்திகினு, நெருப்பு அணையாத கரிச்சட்டியையும் உள்ளயே வெச்சிகினு படுத்தோம். காலைல புள்ளைக்குத் தலைவலி, ஒரே வாந்தி.”

“அவன் கண்ணுதான். இன்னிக்கும் நல்லா சாம்பிராணி போடு.”

“அதுக்குதான் அடுப்புக்கரி வாங்கிகினு போறேன்.”

அண்ணனூரில் மழை பெய்துகொண்டிருந்தது. கரிப்பையை முந்தானையால் மூடிக்கொண்டு இளையவள் இறங்கினாள்.