சிவப்பு லொறி

தேநீருக்கு நன்றி. சீனி கொஞ்சம் கூடிவிட்டது, பரவாயில்லை.

பதியுதீன் சேரை வேலையிலிருந்து நிறுத்தியிருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். அவரில் பிழை இல்லை. காப்புப் பிரதி சேர்வரைக் கொழும்புத் தலைமையகத்தின் டொமைனுக்கு, அதாவது அவர்களுடைய கணினி வலையமைப்புக்கு, மாற்றிய அன்று அவர் எல்லாவற்றையும் முறைப்படிதான் செய்தார். என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். நான் பொய் சொன்னேன்.

நாலரை வருஷத்துக்கு முன் சுனாமியாகக் கடல் வந்த நாளில் யாரென்று தெரியாமலே புதைக்கப்பட்டவர்களின் படங்கள் அந்தச் சேர்வரில் இருந்தன. பெரிய சேர்வர் சித்திரை இடியில் கருகிப்போனதால் மிஞ்சியது அந்தப் பிரதி மட்டும். கண்டவர் எல்லாம் பார்க்கக் கூடாதென்று, எங்கள் புளியந்தீவு அலுவலகக் கணக்கொன்றின் பெயரில் படங்களைப் பூட்டி வைத்திருந்தோம். டொமைன் மாறினால் அந்தக் கணக்கு இல்லாமல் போய்விடும். அதற்கு முன் பூட்டின் சாவியைப் பென்டிரைவில் எடுத்து வைக்க வேண்டும். சாவி இல்லாவிட்டால் படங்கள் இனி ஒருபோதும் திறக்காது. அதை எடுப்பது என் வேலை.

பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட எனக்குக் கணினி பழக்கித் தந்தவரே சேர்தான். படங்களைப் பார்த்து, உடுப்பு, கிடந்த இடம் எல்லாவற்றையும் பதிவேன். இந்த வருஷம் மாசியில் ஒரு படத்தில் என் தம்பி நிதுர்ஷன் இருந்தான். நீலச் சட்டை. படம் எடுத்தவர் கீழே எழுதியிருந்தார்: களுதாவளை, வெளிப்பக்கம் பூட்டியிருந்த அறைக்குள்.

பூட்டியது நான். அம்மா பழுகாமத்துக்குப் போயிருந்தா. அவன் கடற்கரைக்கு ஓடிக்கொண்டே இருந்தான். எனக்கு அடுத்த வீட்டில் டீவி பார்க்க வேண்டியிருந்தது. தண்ணீர் வருகுது என்று கத்தினார்கள். நான் றோட்டுப் பக்கம் ஓடினேன். திரும்பிப் போயிருந்தால் இரண்டு பேரும் போயிருப்போம். ஆறுதலாக யோசித்துப் பார்த்திருக்கிறேன். அது சரியான முடிவுதான்.

அன்று அம்மா திரும்பி வந்து, தம்பி இல்லையென்றதும் மண்ணெண்ணெய்ப் போத்தலைக் கையில் எடுத்தா. தம்பியை ஆரோ லொறியில் ஏற்றிப் போனதைக் கண்டேன் என்றேன். அவ போத்தலைக் கீழே வைத்தா. அதற்குப் பிறகு தேடத் தொடங்கினா. தேடுகிறவர் சாப்பிட வேண்டும், நடக்க வேண்டும். அதனால்தான் இன்றுவரை உயிரோடிருக்கிறா.

வைகாசியில் சண்டை முடிந்தது என்று றோட்டில் வெடி கொளுத்தினார்கள். லொறி வன்னிக்குத்தான் போனது என்று நம்பியிருந்த அம்மா பயணப்பையைத் தூசி தட்டினா.

"வன்னிச் சனத்தோட என்ட புள்ளயும் முகாமில நிப்பான். லொறி என்ன நிறமெண்டாய்?"

"சிவப்பு."

"முந்திப் பச்சை எண்டாய்."

"சிவப்பும்மா."

"ஓம்கா, உன்ட கண்ணுக்கு நிறம் தெரிஞ்சதே பெரிய காரியம். நம்பர எங்க பாத்திருக்கப் போறாய்."

அந்தக் கிழமைதான் தலைமையகம் அறிவித்தது: சேர்வர் மாறியதும் தாய்மாரை அழைத்துப் படங்களைக் காட்டுவோம் என்று. அம்மாவையும் அழைத்திருந்தார்கள்.

அந்த ஒரு படத்தை மட்டும் அழித்திருக்கலாமே என்பீர்கள். படங்களுக்கு வரிசை எண் உண்டு. ஒன்று குறைந்தால் ஏன் என்று கேட்பார்கள். எல்லாமே போனால் கணினியில்தான் பிழை என்பார்கள், ஒருவரும் என்னிடம் கேட்கமாட்டார்கள்.

"மேனுகா, சாவிய எடுத்தாச்சா மகள்? பொறகு என்ட தலையில கட்டிராதீங்க" என்று சேர் சிரித்தார்.

"எடுத்தன் சேர்" என்று வெறும் பென்டிரைவைக் கொடுத்தேன்.

அவர் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பழைய டொமைனை அழித்தார். சேர்வர் புதிய டொமைனில் எழும்பியது. படங்களின் எண்கள் எல்லாம் திரையில் இருந்தன. ஒன்றும் திறக்கவில்லை. சேர் பென்டிரைவைத் திரும்பத் திரும்பச் செருகிப் பார்த்தார். அவருடைய தங்கை ஜெமீலாவும் அந்தப் படங்களுக்குள் எங்கேயோ இருந்தா. அது எனக்குத் தெரியும். நான் தெரியாமல் பிழை விட்டேன் என்று நினைத்துத்தான் அவர் என் பெயரை உங்களிடம் சொல்லவில்லை.

தெரிந்துதான் செய்தேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். அந்தத் தாய்மாருக்கு நான் கெடுதல் செய்ததாக நினைக்கவில்லை. அவர்களும் இனித் தேடிக்கொண்டிருப்பார்கள்.

அம்மாவிடம் மட்டும் ஒன்றும் சொல்ல வேண்டாம். லொறி சிவப்புத்தான். பின்தட்டில் நீலச் சட்டையோடு நின்று அவன் எனக்குக் கை காட்டினான்.