வாழைமரத்துப் பொத்தான்

காவி கட்ட வருபவனுக்குப் புருவத்தையும் மழிப்பீர்களாமே, அது தலைமயிரைவிட மெதுவாகத்தான் முளைக்குமாம், சாமி. அதனால் கத்தியைக் கொஞ்சம் கீழே வைத்துவிட்டுக் கேளுங்கள். பாதித் தலை போய்விட்டது. மீதியை நான் பேசி முடித்ததும் எடுத்துக்கொள்ளலாம்.

எங்கள் கொல்லை வாழையில் கண் சிமிட்டும் தேவதைக்கு நீங்களே வந்து தீர்த்தம் தெளித்தீர்கள். அது இரண்டு டிரான்சிஸ்டர், இரண்டு கெபாசிட்டர், நாலு ரெசிஸ்டர், ஒரு பச்சை எல்இடி. பள்ளிக் கண்காட்சிக்காக நான் செய்தது. தூரத்திலிருந்து தெரிகிறதா என்று பார்க்க, பிளாஸ்டிக் பையில் சுற்றி வாழைமட்டைக்குள் செருகினேன். மறுநாள் காலை மரத்துக்கு மூன்று வண்ணப் பட்டுத்துணி கட்டியிருந்தது. அடியில் படையலாகச் சிவப்பு சோடா, உறிஞ்சுகுழலோடு. நூடுல்ஸ் கடை புவாலொய் பெரியம்மா கும்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"தேவதை கண்ணு சிமிட்டுறாடா கோப்! காலை அந்தப் பக்கம் நீட்டாத, எருமை!"

உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சோடா ஜில்லென்று இருந்தது.

பிறகு ஊர் கேள்வி கேட்க ஆரம்பித்தது. சிமிட்டினால் சரி என்று அர்த்தம். ஓயாமல் சிமிட்டும் விளக்கு எல்லாவற்றுக்கும் சரி என்றது. குழம்பில் மிளகாயை இரட்டிப்பாக்கலாமா என்று பெரியம்மா கேட்டாள். அன்று முழுக்க ஊரே விக்கியது. இப்படிப் பொறுப்பில்லாமல் பதில் சொல்வது எனக்குப் பிடிக்கவில்லை. என் ஜன்னலடிக்கு ஒயர் இழுத்து ஒரு பொத்தான் வைத்தேன். அழுத்தினால் சரி, அழுத்தாவிட்டால் வேண்டாம். பள்ளிப் பிள்ளைகளுக்கு முட்டை சும்மா போடலாமா என்று பெரியம்மா கேட்டபோது நன்றாகவே அழுத்தினேன்.

ஒரு சாயங்காலம் அம்மா மல்லிகைமாலையோடு வந்தாள்.

"தாயே, கோப்போட அப்பா போனதுலேர்ந்து ஒண்டியாவே ஓட்டிட்டேன். வாத்துப்பண்ணை சங்வியன் என்னைக் கட்டிக்கிறேங்கிறாரு. சரின்னு சொல்லட்டுமா?"

கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

"காதுல விழலையோ?" என்று இன்னும் சத்தமாகக் கேட்டாள். மறுநாளும் வந்து கேட்டாள். அதற்கு மறுநாளும்.

எனக்குக் கோபம் ஒன்றுமில்லை, சாமி. சங்வியன் சிரித்தால் வாத்து கத்துவதுபோல இருக்கும். அம்மாவின் நன்மைக்காகத்தான். தவிர, நான் எதையும் செய்யவில்லை. சும்மா இருந்தேன்.

"நம்ம புண்ணியம் பத்தலடா. நீ காவி கட்டினாத்தான் அவ மனசு இறங்குவா" என்று அம்மா முடிவுகட்டினாள். இன்று என் முதல் முடிக்கற்றையை வெட்டித் தாமரையிலையில் வைத்தவளும் அவள்தான். காலையிலிருந்து எனக்குக் குடை பிடிப்பது சங்வியன். அவர் வெயிலில் நிற்கிறார். "தலை சுடுதாடா தம்பி?" என்று மட்டும் கேட்டார்.

தேவதை பொய் என்று சொன்னால் அம்மா மனசு ஒடிந்துபோகும். அவ்வளவு கொடூரமானவன் இல்லை நான். ஆனால் இன்று சாயங்காலம் கடைசியாக ஒருமுறை கேட்கப் போகிறாளாம். பொத்தான் வீட்டில், நான் இங்கே. யார் போய் அழுத்துவது, சாமி?