மொட்டு மருந்து

டீ நல்லா இருக்குங்க. சக்கரை கொஞ்சம் தூக்கல், ஆனா அத்திப்பள்ளிப் பக்கம் எந்தக் கடையில வாங்கினாலும் இப்படித்தான். உங்களுக்குத் தமிழ் வரும்னு ஏட்டு சொன்னாரு. வரலைன்னாலும் பரவாயில்ல, எனக்குக் கன்னடமும் தெலுங்கும் தண்ணி பட்ட பாடு.

என்னை யாரும் இழுத்துட்டு வரல, நானாத்தான் வந்தேன். எங்க ஒயின் கொட்டகைக்குச் சீல் வெச்சுட்டீங்க. பீப்பாயில சரக்கு தானா வத்தும்ங்க. வத்த வத்த ஊத்தி நிரப்பணும், இல்லாட்டி காத்து பட்டு அத்தனையும் காடியாயிரும். என் தம்பி கிருஷ்ணப்பன் எங்க ஒயினைக் குடிச்சுத்தான் செத்தான்னு ஊரெல்லாம் பேச்சு. பெங்களூர் ஓட்டல்காரங்க ஆர்டரை நிறுத்திட்டாங்க. ஒயின் மேல ஒரு குத்தமும் இல்லைங்க. நான் செஞ்சது. அதை எழுதிக்கிட்டுக் கொட்டகையைத் திறந்து விடுங்க.

திராட்சைத் தோட்டம் ஜூஜுவாடியில, தமிழ்நாட்டுப் பக்கம். அங்க ஒயினுக்கு லைசென்ஸ் கிடைக்கலைன்னு கொட்டகையை மட்டும் எல்லை தாண்டி இந்தப் பக்கம் போட்டோம். எங்கப்பா நாட்டுத் திராட்சையெல்லாம் பிடுங்கி எறிஞ்சுட்டு விதையில்லாததை வெச்சவரு. அதுக்கு மருந்தடிச்சு மருந்தடிச்சே இருமி இருமிப் போய்ச் சேர்ந்தாரு. அப்புறம் நான் கெலமங்கலத்துல ஒரு பாழுங்கிணத்து ஓரம், புங்கமரத்துல ஏறிக் கிடந்த நாட்டுக் கொடியைக் கண்டுபிடிச்சேன். சின்னக் கருப்புப் பழம், தடிச்ச தோலு, வாய் நிறையக் கொட்டை. அதுல குச்சி வெட்டிட்டு வந்து நட்டேன். சாணி, கோமியம், வேப்பம்புண்ணாக்கு, அவ்வளவுதான் போட்டது. எனக்குக் கல்யாணம் கூடி வரல, புள்ளகுட்டியும் இல்ல. எனக்குன்னு இருக்கறது அந்தக் கொடிங்கதான்.

தம்பியையும் அக்கா நான்தாங்க வளர்த்தேன். அம்மா போனப்ப அவன் கைக்குழந்தை. மூக்கண்டப்பள்ளி ஃபேக்டரியில வேலை பார்த்தான், நெஞ்சு வலி வந்து பெங்களூர் ஆஸ்பத்திரியில கிடந்தான், அதோட வேலையை விட்டுட்டுத் தோட்டத்துக்கே வந்துட்டான். நல்ல பையன். நாக்கு மட்டும் எனக்கு மேல. ஒரு வாய் குடிச்சா எந்தப் பீப்பாய்னு சொல்லிருவான்.

அவனுக்கு அவசரங்க. கவாத்துன்னு பழைய கிளையை வெட்டி விட்டா கொடி கொஞ்ச நாள் தூங்கும். அதைத் தட்டி எழுப்ப ஒரு மருந்து வந்திருக்கு, துணியில முக்கி மொட்டு மொட்டாத் தடவுவாங்க. "ஒரே ஒரு தடவை போடலாம்க்கா, ஊரே போடுது, முன்னாடியே பழம் வந்துரும்"னு இந்த வருஷம் பூரா நச்சரிச்சான். ஒரு சொட்டு விழுந்தாலும் அது மருந்தில்லாத தோட்டம் இல்லடான்னேன். சிரிச்சுட்டுப் போயிட்டான்.

அந்த மருந்துல ஒரு விஷயம் இருக்குங்க. கையில பட்டவன் நாலஞ்சு நாளைக்கு சாராயம் தொடக்கூடாது. எங்க ஆளு கங்கப்பன் போன வருஷம் வேற தோட்டத்துல தடவிட்டு, சாயங்காலம் கடைக்குப் போய் ஊத்திக்கிட்டான். மூஞ்சி செக்கச் செவேல்னு ஆகி, மூச்சு வாங்கி, பொழைச்சது புனர்ஜென்மம். ஊருக்கே தெரிஞ்ச கதை.

தம்பி போன அன்னிக்கு எங்களுக்குக் கவாத்து முடிஞ்ச நாள். புதுப் பீப்பாயைத் திறந்து வீட்டு ஆம்பளை முதல் டம்ளர் குடிக்கிறது எங்க வழக்கம். கொட்டகை வாசல்ல வேன் வந்து நின்னுச்சு. உள்ள அந்த மருந்து டப்பா. தம்பி கையெல்லாம் மருந்துக் கறை. இறங்கும்போதே கூட வந்த கங்கப்பனைப் பார்த்து, "டேய், இன்னிக்குக் கடைப் பக்கம் தலை வெச்சுப் படுக்காத, போன வருஷம் பட்டது ஞாபகம் இருக்கட்டும்"னான். சொல்லிட்டு என் முன்னாடி உக்காந்து டம்ளருக்குக் கையை நீட்டினான்.

எங்க வீட்டுல ஒயினை யாரும் சாராயம்னு நினைச்சதே இல்லைங்க. எங்களுக்கு அது பழச்சாறு. அதுலயும் அதே சாராயம்தான் இருக்குன்னு அவனுக்கு அந்த நேரத்துல தோணல. எனக்குத் தோணுச்சு.

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கோபமெல்லாம் இல்லைங்க. இன்னிக்குத் தடவினவன் நாளைக்கும் தடவுவான்னு நினைச்சேன், அவ்வளவுதான். டம்ளர் நிறைய ஊத்தினேன். "நல்லா வந்திருக்குக்கா"ன்னான். இன்னொண்ணு ஊத்தினேன்.

கழுத்துல இருந்து சிவப்பு ஏறுச்சு. நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டான். அவன் பொண்டாட்டி வெங்கடம்மா, "வேன் சாவி எங்க அண்ணி"ன்னு அலறினா. அதைப் பீப்பாய் மேல இருந்து நான்தான் எடுத்து இடுப்புல சொருகியிருந்தேன். ரெண்டு பேருமா சேர்ந்து தேடினோம். நான் சாக்கைக்கூடத் தூக்கித் தூக்கிப் பார்த்தேன். அவன் அடங்கினப்புறம் கிடைச்சுருச்சுன்னு சொன்னேன். அவன் தலையை மடியில வெச்சிருந்தேன்ங்க. அழுதேன், நிஜமாவே அழுதேன். நான் சோறு ஊட்டி வளர்த்த புள்ள.

எழுதிக்கிட்டீங்களா? எங்க கையெழுத்துப் போடணும்?

என்னங்க? தோட்டத்துக்குப் போய்ப் பார்த்தேனாவா? இல்லைங்க. அவன் கையைப் பார்த்தேன், அதுக்கு மேல என்ன பார்க்கணும். கங்கப்பனைக் கேக்கவும் தோணல.

யாரு, பக்கத்துத் தோட்டத்து ராமப்பனா? அவருக்குக் கூலி ஆள் வரலைன்னு இவங்க ரெண்டு பேரும் உதவிக்குப் போனாங்களா? டப்பாவும் அவருதுதானா? கங்கப்பன் அப்படியா சொல்லியிருக்கான்?

அப்ப நம்ம கொடியை அவன் தொடவே இல்ல.

இல்லைங்க, தண்ணி வேண்டாம். எனக்கு ஒண்ணும் இல்ல. இத்தனை நாள் கழிச்சு இப்பத்தான் மனசு லேசா இருக்கு. இந்த வருஷப் பழம் சுத்தமாத்தான் வரும், அதை மட்டும் ஓட்டல்காரங்ககிட்ட நீங்களே ஒரு வார்த்தை சொல்லிருங்க.